ஒன்பதாம் படிக்கு மேல்

முப்பத்தொன்றாம் பிளாக்கில் இணையம் ஒன்பதாம் படி வரைக்கும் ஏறும், பத்தாம் படிக்கு ஏறாது. கால்வாய் ஓரத்திலிருந்து அந்தச் சனங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து, ஊருக்கு வெளியே சதுப்பு நிலத்தில் ஐந்து மாடி எழுப்பிக் குடிவைத்தவர்கள், எல்லாவற்றையும் கீழ்த்தளத்தோடு முடித்துக்கொண்டார்கள். லிஃப்ட் வைத்தார்கள், அது திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதரை ஒரு முறை மேலே தூக்கி ஒரு முறை கீழே இறக்கி, தன் கடமை அவ்வளவுதான் என்று நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாய் வைத்தார்கள், தண்ணீர் முதல் மாடியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. செல்போன் கோபுரங்களெல்லாம் சாலைக்கு அந்தப் பக்கத்துப் பணக்கார அடுக்குமாடிகளைப் பார்த்து முகம் திருப்பி நின்றன. கடைசியாக ஒரு கம்பெனி வந்து, கீழ்த்தளத்தில் இட்லிக் கடை போடும் எஸ்தர் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்து, நான்கு பச்சை விளக்குகளை எரியவிட்டுப் போனது.

மேலே கொண்டுபோக என்னென்னவோ செய்து பார்த்தார்கள். முதல் மாடியில் பூஸ்டர் வைத்தார்கள், அது சிவப்பாகக் கண் சிமிட்டியது. பெட்டிக்குப் பின்னால் அலுமினியத் தாம்பாளத்தைச் சாய்த்து வைத்தார்கள். வயரை இழுத்துக் கட்டினார்கள், வயர் மேலே வந்தது, அதற்குள் ஒன்றும் வரவில்லை. மாடியில் இருப்பவர்கள் ஒன்பதாம் படிக்கு இறங்கி வந்து, ஆளுக்குக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, துபாயோடு பேசி, கேஸ் சிலிண்டருக்குப் பதிந்து, பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்ப ஏறினார்கள். இறங்க முடியாதவர்களுக்கு இணையம் இல்லை. அப்படி இறங்க முடியாதவர் ஐந்தாம் மாடியில் ஒருவர் இருந்தார், எனாமல் கம்பெனியில் சூளையில் வேலை பார்த்து நுரையீரலை அங்கேயே விட்டுவிட்டு வந்த தணிகாசலம்.

இதையெல்லாம் மனுவாக எழுதியவர் மூன்றாம் மாடித் தோழர் பரஞ்சோதி. எழுபத்து மூன்று வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரைக் கைவிட்டது, அதற்குப் பிறகு அவர் படித்ததெல்லாம் துண்டறிக்கைகள். பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்பட்டவை, பசை காயாமல் சுவரிலிருந்து உரித்து எடுத்தவை, பின்னால் அவரே எழுதி ஸ்டென்சில் வெட்டி உருட்டியவை. எனாமல் கம்பெனித் தொழிற்சங்கத்தின் செயலாளராக இருந்தார். கம்பெனி போய் இருபத்திரண்டு வருஷம் ஆகியும் செயலாளராகவே இருந்தார். இணையத்துக்காக அவர் எழுதிய மனுக்கள் முப்பத்தாறு. பெட்டி வைத்த கம்பெனி, மாடிக்கு ஏற்றக் குடியிருப்பு அலுவலகம் அனுமதி தரவேண்டும் என்றது. குடியிருப்பு அலுவலகம், கம்பெனி கேட்டால் யோசிக்கலாம் என்றது. இரண்டுக்கும் நடுவில் பரஞ்சோதி தபால்காரராக நடந்து நடந்து, இரண்டு ஜோடி செருப்பைத் தேய்த்தார்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர் லாரி வந்தபோது அது ஏறியது.

லாரி வந்தால் அந்தப் பிளாக்கில் யாரும் குடத்தைச் சுமந்துகொண்டு ஏறமாட்டார்கள். கீழ்ப்படியிலிருந்து ஐந்தாம் மாடி வரை இரண்டு படிக்கு ஒருவராக நாற்பத்தைந்து பேர் நின்று, கீழே இருப்பவர் நீட்ட மேலே இருப்பவர் வாங்க, குடம் தானாக ஏறுவது போல ஏறும், காலிக் குடம் தானாக இறங்குவது போல இறங்கும். அன்று எஸ்தர் ஒரு கையால் ஃப்ரிட்ஜைத் திறந்து, மறு கையால் முதல் குடத்தைத் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நாற்பத்தைந்து பேரும் ஒரே கணத்தில் ஒரு கையால் வாங்கி ஒரு கையால் கொடுத்தபடி நின்றிருந்த நேரத்தில், தணிகாசலத்தின் மனைவி கஸ்தூரியின் ஜாக்கெட்டுக்குள் இருந்த போன், மூன்று வருஷமாக வராத செய்திகளையெல்லாம் சேர்த்து வைத்து அலறத் தொடங்கியது.

"எஸ்தரு, உன் பொட்டி மேல ஏறிக்கிச்சுடீ!" என்று ஐந்தாம் மாடியிலிருந்து கஸ்தூரி கத்தினாள்.

"ஏறினா ஏறட்டும், குடத்த வுட்றாதீங்க," என்றாள் எஸ்தர் கீழேயிருந்து.

ஏன் ஏறியது என்று யாரும் கேட்கவில்லை. ஏறாத காலத்தில் ஏன் ஏறவில்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்கள் அவர்கள். குடம் தேவையில்லை, கை போதும் என்பது மறுநாளே தெரிந்தது. அதற்குப் பின் அது அந்தப் பிளாக்கின் வேலைகளில் ஒரு வேலையாகிவிட்டது. காலை ஏழு முதல் ஏழரை வரை ஒரு தடவை, சாயங்காலம் ஐந்து முதல் ஆறு வரை ஒரு தடவை. யார் எந்தப் படி என்று பரஞ்சோதி ஸ்கெட்ச் பேனாவால் எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டினார். கை வலிக்காரர்களுக்கு வளைவுகளில் இடம், அங்கே சுவரில் சாய்ந்துகொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கு விலக்கு. சங்கிலி நிற்கும் நேரத்தில் குழம்பு தீய்ந்தால் கீழ்த்தளத்துக்காரர் போய் அடுப்பை அணைக்க வேண்டும்.

ஏறுவது சும்மா ஏறவில்லை, அதுதான் சங்கடம். எது ஏறினாலும் நாற்பத்தைந்து பேர் உடம்புக்குள் புகுந்து ஏறியது. சிலிண்டர் பதிவு முழங்கையில் குளிர்ந்தது. சினிமாப் பாட்டு விலாவில் கூசியது. நான்காம் மாடிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று அனுப்பியது வந்த அன்று, அவள் படிப்பதற்கு முன்னால் முப்பத்தைந்து பேர் அழுதார்கள். எழுத்து வந்தால் எழுத்தும், படம் வந்தால் படமும், காதில் யாரோ சொல்வது போலத் தெளிவாகத் தெரிந்தது. பொய் ஏறினால் உள்ளங்கை அரித்தது. மஸ்கட்டிலிருந்து ஒருவன் தன் பெண்டாட்டியிடம், நன்றாகச் சாப்பிடுகிறேன், ஏசி ரூம், ஒரு குறையும் இல்லை என்றபோது, படிக்கட்டு முழுக்க வரட்டு வரட்டென்று சொறிந்துகொண்டது. அவளும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

அதனால் பரஞ்சோதி ஒரு விதி எழுதினார். கை வழியாகப் போனதை யாரும் வாயால் பேசக்கூடாது. அந்த விதியை அவர்கள் மதித்தார்கள். அடுத்தவர் வீட்டுச் சாவும் அவமானமும் தன் எலும்புக்குள் ஏறிப்போவதைத் தாங்கிக்கொண்டு, கையை விட்டதும் வெங்காயம் என்ன விலை என்று பேசினார்கள். ஆனால் முகங்கள் மாறிவிட்டன. மூன்று மாதத்தில் அந்தப் பிளாக்கில் எல்லோரும் பத்து வயது கூடித் தெரிந்தார்கள்.

பரஞ்சோதி மட்டும் சங்கிலியில் நின்றதே இல்லை. மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று மேலும் கீழும் குரல் கொடுப்பார். "நாலாம் மாடி, தளர்த்தாதே! பிடி தோழா, பிடி!" தலைவர் என்றால் அப்படித்தான் நிற்பார் என்று யாருக்கும் அது உறுத்தவில்லை. மாவட்டம் விட்டு மாவட்டம் மனிதச் சங்கிலி நடத்திய காலத்திலும் அவர் ஜீப்பில் நின்றபடிதான் போனார்.

இன்னொரு விஷயமும் அவருக்கு இந்தப் படிக்கட்டில்தான் தெரிந்தது. இரண்டாம் மாடி லோகநாதன், ஆடித் திருவிழாக் கமிட்டித் தலைவர், இருபத்தாறாவது ஆள். அவருக்குக் கீழே இருபத்தைந்தாவது ஆள் பேபி, தெருக் கூட்டும் வேலை. லோகநாதன் தன் தோள் துண்டின் ஒரு முனையை அவளிடம் நீட்டி, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். துணிக்குள் இணையம் திணறியது. கீழே நான்கு கோடாக வந்தது மேலே ஒரு கோடாகப் போனது.

"துண்ட எடு லோகு," என்றார் பரஞ்சோதி.

"பொம்பள கைய எப்டிப் புடிக்கறது தோழரே? மரியாதக்கித்தான்."

"எம்மேல மரியாதயா?" என்று பேபி சிரித்தாள். "மேல நிக்கற டைலர் பொண்டாட்டி கைய மட்டும் வெறுங்கையால புடிக்கறாரே, அவ ஆம்பளயா?"

படிக்கட்டே சிரித்தது. பரஞ்சோதி சிரிக்கவில்லை. நூறு கிலோமீட்டர் நீளத்துக்குத் தான் கோத்த சங்கிலிகளில் எத்தனை துண்டுகள் இருந்தன என்று அன்றைக்குத்தான் அவர் யோசித்தார். ஜீப்பின் வேகத்தில் அவை கொடி மாதிரித் தெரிந்திருக்கும்.

அந்த நிலையில்தான் கோர்ட்டிலிருந்து தகவல் வந்தது.

எனாமல் கம்பெனி நூற்றுப் பதினெட்டுப் பேரை வேலையை விட்டு நிறுத்தியதும், அவர்கள் வழக்குப் போட்டதும், அந்த வழக்கு கீழே ஜெயித்து மேலே தோற்று, மறுபடி கீழே விசாரிக்கச் சொல்லி இறங்கி வந்ததும், அதற்குள் எழுபது பேர் செத்ததும் நீண்ட கதை. வாட்ச்மேனாகப் போனவர்கள், சாராயத்துக்குப் போனவர்கள், கட்டிக்கொடுக்க முடியாத மகளைப் பார்க்கக் கூசி ஊரைவிட்டே போனவர்கள். கதவடைத்த அன்று உள்ளே சூளை எரிந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தவர், எங்கள் ஆட்கள் வேலைக்கு வந்தார்கள், கம்பெனிதான் பூட்டியது என்று சொல்லக்கூடியவர், உயிரோடு ஒருவர்தான் மிச்சம். அவர்தான் தணிகாசலம். படுத்த படுக்கையாக இருப்பதால் அவர் வீட்டிலிருந்தே காணொலியில் சாட்சி சொல்லலாம் என்று நீதிபதி இறங்கி வந்தார். வியாழக்கிழமை பதினொரு மணி. அன்று தவறினால் சாட்சி முடிந்ததாகக் கொள்ளப்படும் என்றும் எழுதியிருந்தது.

வியாழன் காலை பிளாக்கில் யாரும் வேலைக்குப் போகவில்லை. பேபி மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தாள். பத்தரைக்கே நாற்பத்தைந்து பேரும் அவரவர் படியில். ஐந்தாம் மாடியில் கஸ்தூரி புருஷனுக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, போனைத் தலையணை மேல் சாய்த்துப் பிடித்தாள். தணிகாசலம் சொல்லவேண்டியதை ஒரு வாரமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கியத்துக்கு ஒரு முறை மூச்சு வாங்கினார்.

பதினொன்றுக்கு எஸ்தர் பெட்டியின் மேல் கையை வைத்தாள். ஏறியது. இருபத்தைந்தாம் ஆள் வரை நீதிபதியின் முகம் தெளிவாக வந்தது, துண்டில் திணறியது, மேலே போனபோது ஒரு மூக்கும் பாதிக் கண்ணாடியும்தான் இருந்தன.

"துண்ட எடு!" பரஞ்சோதியின் குரல் ஐந்து மாடிக்கும் கேட்டது. "நூத்திப் பதினெட்டுப் பேர் வயிறுடா அது, எடு!"

"டா போட்டுப் பேசாதீங்க. தெனமும் இவங்க முன்னாடி என்னிய அசிங்கப்படுத்தறீங்க."

"அசிங்கமா? உன் துண்டுல இருக்கறதுதான்யா அசிங்கம்!"

லோகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டார், சங்கிலியைவிட்டு இறங்கினார், தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருபத்தாறாம் இடம் காலியாக இருந்தது. மேலே தையல்காரர் மஸ்தானின் மனைவி ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தாள், கீழே பேபி ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மாற்று ஆள் யாரும் இல்லை. எல்லோரும் ஏதோ ஒரு படியில் நின்றார்கள்.

"வாங்க தோழரே," என்றாள் பேபி. "எம்மாம் நேரம் கத்தினே நிப்பீங்க? இப்டி வந்து புடிங்க."

அவர் வந்து பிடித்தார். வலது கையில் பேபியின் கை, துடைப்பக் கழி பிடித்துக் காய்த்துப்போன கை. இடது கையில் மேலே இருந்தவளின் கை. பிடித்த கணத்தில் அது அவருக்குள் ஏறியது. நீதிபதியின் முகம், அவர் பின்னால் இருந்த மின்விசிறி, கோர்ட்டுக் கூடத்தின் இருமல்கள். மேலேயிருந்து தணிகாசலத்தின் மூச்சு இறங்கி வந்து அவர் மார்பைக் கடந்து போனது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மூச்சை அவர் இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. ஐந்தாம் மாடியில் படம் தெளிவாயிற்று என்று கஸ்தூரி கூவினாள். படிக்கட்டில் ஒரு பெருமூச்சு ஓடியது.

அப்போது கோர்ட்டில் கம்பெனி வக்கீல் எழுந்தார். சாட்சியிடம் எதுவும் கேட்பதற்கு முன்னால் ஒரு தாளைக் காட்ட விரும்புகிறேன் ஐயா, பழைய கோப்பிலிருந்து இப்போதுதான் கிடைத்தது என்றார். தாளைக் கேமராவுக்கு நேரே நீட்டினார்.

கதவடைப்பின் நான்காம் மாதத்தில் கம்பெனி எழுதிய கடிதம் அது. சங்கச் செயலாளர் ஒருவர் மட்டும் விலகிக்கொண்டால், மீதி நூற்றுப் பதினேழு பேரையும் பழைய நிபந்தனைகளின்படியே வேலையில் சேர்த்துக்கொள்ளத் தயார். கீழே, பெற்றுக்கொண்டேன் என்று பச்சை மையில் பரஞ்சோதியின் கையெழுத்து.

அந்தக் கடிதத்தை அவர் யாருக்கும் காட்டவில்லை. வாங்கிய அன்று சாயங்காலமே, சுவரொட்டிக்கு மைதாப் பசை காய்ச்சிய அடுப்பில் போட்டார். போட்டுவிட்டு, கம்பெனி வாசலில் நாற்காலி மேல் ஏறி இரண்டு மணி நேரம் பேசினார். ஒருவனைக் கூட விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், தணிகாசலம்தான் பலமாகத் தட்டினார். இது நம்மைப் பிளக்கும் சூழ்ச்சி, தலைவன் போனால் மறுமாதமே ஒவ்வொருவராக வெளியே தள்ளுவான் என்று பரஞ்சோதி தனக்குச் சொல்லிக்கொண்டார். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நூற்றுப் பதினேழு பேர், தீர்மானித்தவர் ஒருவர்.

இப்போது அந்தக் கடிதம் எஸ்தரின் விரலில் நுழைந்து, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறுவது அவருக்குக் கேட்டது. கீழ்த்தளம் அமைதியானது. பிறகு முதல் மாடி. பிறகு இரண்டாம் மாடி. பேபியின் கை ஒருமுறை உதறி, மறுபடி இறுகியது. தன்னுடைய சொந்தக் கையெழுத்து, அந்தப் பச்சை மை, ப எழுத்தின் அந்தப் பெரிய வளைவு, தன் வலது உள்ளங்கையில் நுழைந்து மணிக்கட்டுக்கு ஏறி முழங்கையைத் தாண்டியதைப் பரஞ்சோதி உணர்ந்தார். தோளுக்கு வந்தது. இனி மார்பு, இடது தோள், இடது கை, அப்புறம் பத்தொன்பது பேர், அப்புறம் தணிகாசலம்.

அவர் கையை விடவில்லை. இரண்டு கைகளையும் முன்னைவிட இறுக்கிப் பிடித்தார். அது அவருக்குள் நின்றுவிட்டது, வக்கீலின் பேச்சும் பின்னால் வந்ததும் அதோடு நின்றன.

கோர்ட்டில் நீதிபதி நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் பொறுத்தார். தொடர்பு கிடைக்கவில்லை, சாட்சி ஆஜராகவில்லை, சாட்சியம் முடிந்தது என்று எழுதச் சொன்னார். அது கீழேயிருந்து ஏறி வந்து இருபத்தைந்து பேரைக் கடந்து, அவரோடு நின்றது.

"இன்னா தோழரே," என்று பேபி மெல்லக் கேட்டாள். "கை இப்டி ஜில்லுன்னு கீது. அது மேல போவலியே."

"நெட்டு போயிடுச்சும்மா," என்றார்.

அவளும் அவளுக்குக் கீழே இருந்த இருபத்து நான்கு பேரும் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டார்கள். அவர்களில் எட்டுப் பேர் எனாமல் கம்பெனியில் இருந்தவர்கள், பதினொரு பேர் அங்கே இருந்து செத்தவர்களின் பெண்டாட்டிகளும் பிள்ளைகளும். பேசக்கூடாது என்று விதி இருந்தது, விதியை எழுதியவர் அவர். ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள். கீழ்த்தளத்தில் யாரோ தண்ணீர் லாரி நாளைக்கு வருமா என்று கேட்டார்கள். ஒரு கிழவர் படியிலேயே உட்கார்ந்து, தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனாமல் கம்பெனிக்காரர், அந்த வருஷம் மகளைப் படிப்பிலிருந்து நிறுத்தியவர்.

பரஞ்சோதி ஏறினார். கடிதத்தைத் தெரிந்தவர்களிடமிருந்து தெரியாதவர்களிடம் ஏறினார். மேலே இருந்த பத்தொன்பது பேரும் ஒன்றும் புரியாமல் வழிவிட்டார்கள்.

"அந்தத் துண்டுக்காரனாலதானே தோழரே? வழக்கே போச்சே, பாவி. ராவோட ராவா அவன் வீட்டுக் கதவ ஒடைக்கணும்," என்றார் நான்காம் மாடிக்காரர் ஒருவர்.

"ஆமா," என்றார் பரஞ்சோதி. இரண்டாம் முறை கேட்டவரிடமும் ஆமா என்றார்.

ஐந்தாம் மாடியில் கதவு திறந்திருந்தது. தலையணை மேல் சாய்ந்த போனில் நீதிபதி உறைந்திருந்தார், ஏதோ சொல்லப்போகும் பாவனையில் வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி. கஸ்தூரி இன்னமும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தணிகாசலம் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரஞ்சோதியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வா தோழா. நல்லா வந்துச்சு, கண்ணாடி மாதிரி. அப்புறம் அப்டியே நின்னுட்டாரு. வாயத் தொறந்தாரு, சத்தம் வரல. இன்னா கேட்டாரு?"

கீழே கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. பரஞ்சோதி கட்டிலின் கால்மாட்டில் நின்றார். வலது தோளில் அது இன்னமும் இருந்தது, பச்சையாக, குளிர்ச்சியாக.

"ஒன்னுமில்ல தணிகா," என்றார். "உன் பேரக் கேட்டாரு."

"அவ்ளோதானா?" தணிகாசலம் கஸ்தூரியைப் பார்த்துத் தன்னைத் தூக்கச் சொன்னார். அவள் ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கினாள். அவர் நிமிர்ந்தார், காறித் தொண்டையைச் சரிசெய்தார், உறைந்த முகத்தை நேராகப் பார்த்தார்.

"தணிகாசலம் ஐயா. அப்பா பேரு மன்னாதன். சூளப் பிரிவு. டோக்கன் நானூத்தி எழுவத்தொன்னு." மூச்சு வாங்கினார். படம் அசையவில்லை. அவர் பரஞ்சோதியைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டிருக்குமா தோழா?"

"இன்னும் பலமாச் சொல்லு," என்றார் பரஞ்சோதி.